கை எட்டும் தூரத்தில் நின்றவள்

ஜனவரி 11

அன்புத் தங்கச்சிக்கு,

இதை எழுதுவது நான்தான், பக்கத்துக் கட்டில்காரர் இல்லை. கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். அவர் எழுத்து எறும்புச் சாரை மாதிரி ஒழுங்காகப் போகும். என் எழுத்து பஸ் நிறுத்தத்துக் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. நிற்கட்டும். எல்லாம் என் ஆட்கள்.

நான் சுகம். முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனிக்குடித்தனம் போய்விட்டது. நான் ஒரு பக்கம் நடந்தால் அது வேறு பக்கம் நடக்கிறது. உன் தோள்வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து கிடக்காதே.

லீவு நாட்களில் பக்கத்துக் கட்டில்காரர் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அறுபத்தாறு வயதில் எழுத்துக் கூட்டுகிறவனுக்கு அறையில் 'பாலர் வகுப்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள். துணி மடிக்கிற இடத்திலும் அதுதான் பேர். எனக்குக் கோபமே வரவில்லை. உன் பழைய கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக நானே படித்தேன். என்னை மூன்று இடத்தில் கஞ்சன் என்று எழுதியிருக்கிறாய். அவர் படித்துக் காட்டும்போது அது ஒரு தடவைகூட வரவில்லை. நல்ல மனுஷர். இனிமேல் திட்டுவதென்றால் நேராகத் திட்டு, முழுதாக வந்து சேரும்.

முக்கியமான விஷயம், இந்த வருஷத்தோடு வேலை போதும், ஊரோடு வந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறேன். அது எப்போதும் கம்பெனி அலமாரியில்தான் இருக்கும் என்று உனக்குத் தெரியும். அடுத்த மாதம் தருகிறோம் என்றார்கள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கேட்டபோதும் அடுத்த மாதம்தான். அந்த மாதம் எந்த நாட்டுக் காலண்டரில் இருக்கிறதோ.

இதை எழுத நான்கு சாயங்காலம் ஆயிற்று. பதில் போடு.

உன் அண்ணன்
(நானே எழுதியது)


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, கையைத் தூக்கியபடியே கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டார்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் தோள் அப்படியேதான். முழங்காலுக்கு மருந்து தடவுகிறீர்களா, இல்லை அதற்கும் கஞ்சத்தனமா? கஞ்சன் என்று எழுதியதை நான் திரும்பப் பெறுவதாக இல்லை.

இப்போது என் செய்தியைக் கேளுங்கள். நம் சிட்டு அங்கே வருகிறாள். நீங்கள் இருக்கிற அதே ஊருக்கு. கல்லூரியில் ஒரு செமஸ்டரை நிறுத்திவைத்துவிட்டு, வெளிநாட்டில் அரை வருஷம் இருந்து, பிற மனிதர்களின் பண்பாடு, இயற்கையைக் கெடுக்காமல் வாழ்வது, மனித உரிமை எல்லாவற்றையும் நேரில் பார்த்துப் படிக்கிற ஏற்பாடாம். பல நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் குடித்த டம்ளரைக் கழுவ மாட்டாள், மனித உரிமையைக் கற்றுக்கொள்ள விமானம் ஏறுகிறாள். இருந்தாலும் அண்ணா, பெற்றவளுக்குப் பெருமையாக இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு மெஷினில் உட்கார்ந்த வயதில் இவள் உலகம் பார்க்கப் போகிறாள்.

வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வருவாள். சொல்லி அனுப்பியிருக்கிறேன். பாஸ்போர்ட் விஷயத்தையும் அவளிடம் சொல்லுங்கள். அவள் படிப்பே அதுதானே.

உங்கள் தங்கை


பிப்ரவரி 25

அன்புத் தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

முதல் ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கம்பெனி வாசலில் நின்றேன். சிட்டு வரவில்லை. அடுத்த ஞாயிறும் நின்றேன். வகுப்பு இருந்திருக்கும். புது ஊர், பஸ் தெரியாது. பாவம், பிள்ளையை நீ திட்டாதே.

ஆனால் நல்ல செய்தி இருக்கிறது. அந்த மாணவர்கள் எல்லோரும் எங்கள் சலவைக் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். துணி துவைத்த தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடியும் பயன்படுத்துவதற்காக எங்கள் முதலாளி ஒரு பரிசு வாங்கியிருக்கிறார் அல்லவா, அதைப் பார்க்கத்தான். ஒரு வாரமாகத் தடபுடல். ஆஸ்பத்திரி விரிப்புகளைப் பிரிக்க எங்களுக்குக் கையுறை வேண்டும் என்று எவ்வளவோ நாளாகக் கேட்டோம். இப்போது பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கிறது. பிரிக்காதே, அன்றைக்குப் போட்டால் போதும் என்கிறான் சர்க்கரை.

சர்க்கரை யார் என்று கேட்பாய். எங்கள் சூப்பர்வைசர். நம் ஆள்தான், நம் பாஷைதான், இந்த நாட்டுப் பாஷையும் சரளமாகப் பேசுவான். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும், அதனால் அந்தப் பேர். மாணவர்கள் கேட்கப்போகிற கேள்விகளைச் சொல்லி எங்களைப் பாடம் ஒப்பிக்க வைக்கிறான். அதில் ஒரு கேள்வி, நீங்கள் நினைத்தால் உங்கள் ஊருக்குப் போக முடியுமா என்பது. முடியும் என்று சொல்ல வேண்டுமாம்.

நான் சொல்லப் போவதில்லை. இங்கே யாராவது வெளியாள் வந்து எங்களைக் கேள்வி கேட்பது இதுவே முதல் தடவை. இந்தப் பாஷை எனக்குக் கேட்டால் புரியும், திருப்பிச் சொல்ல நாக்கு வளையாது. சர்க்கரைதான் எடுத்துச் சொல்வான், புரட்டத்தான் செய்வான். புரட்டட்டும். கூட்டத்தில் நம் பிள்ளை நிற்பாள். நான் சொன்னது அவள் காதில் விழும். அது போதும் எனக்கு.

உன் அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மெஷினில் கால் ஓடவில்லை. என்ன ஆயிற்று? சிட்டுவிடம் போனில் கேட்டால், நிறைய இடங்களுக்குப் போனோம்மா, எல்லாம் கலந்து கட்டி ஞாபகம் இருக்கு என்கிறாள். மாமாவைப் பார்த்தாயா என்றால், இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்கிறாள். உங்கள் கம்பெனிக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

பாஸ்போர்ட் கிடைத்ததா? உடம்பு எப்படி இருக்கிறது? நீங்கள் வந்து இறங்குகிற தேதியைச் சொல்லுங்கள். வேறு எதுவும் எழுதாவிட்டாலும் தேதியை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

சுகம். நீ சுகமா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். மாணவர்கள் வந்தார்கள், போனார்கள். நீராவி மூட்டமாக இருந்தது, எல்லோரும் தலைக்கு ஒரே மாதிரி பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள், யார் எவர் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஒரு தலையணை உறையைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் எத்தனை தடவை துவைக்கலாம் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. படித்தவர்கள் கேட்கிற கேள்வி.

அவர்கள் பஸ் கிளம்பியதும் கையுறைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கழற்றிக் கொடுக்கும்போது உள்ளங்கை வியர்வைகூட அதில் காயவில்லை.

பாஸ்போர்ட் இல்லை. தேதி இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னிக்க வேண்டும்.

நேற்று சிட்டு படங்கள் அனுப்பினாள். பார்த்த இடங்கள், கூடப் படிக்கிற பிள்ளைகள். அதில் ஒரு படத்தில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். நடுவில் என் மகள். பின்னால் துணி வண்டி. வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. பாதி முகம் எனக்குப் போதாதா அண்ணா? என் அண்ணனை எனக்குக் காதை வைத்தே தெரியும்.

அவளுக்கு உடனே போன் போட்டேன். இது எந்த இடம் என்றேன். ஏதோ ஒரு லாண்டரி என்றாள். பின்னால் நிற்பது யார் என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாள். இங்கே லைன் நன்றாகத்தான் இருந்தது.

நீங்களும் அவளைப் பார்க்கவில்லை, அவளும் உங்களைப் பார்க்கவில்லை. அப்படியா? இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு என்னை முட்டாளாக்குகிறீர்களா, இல்லை பேசிக்கொள்ளாமலே ஆக்குகிறீர்களா? அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். நீங்கள் என்னிடம் பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. நடந்ததை எழுதுங்கள். அவளைக் காப்பாற்றுகிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். தப்பு செய்திருந்தால் என் வாசல்படி ஏற விட மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 29

தங்கச்சிக்கு,

போனில் கூப்பிடாதே. கோபத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் வருகிறது. ஒவ்வொரு எழுத்தாகப் போட வேண்டியிருப்பதால் கோபமும் வரிசையில் நின்று வருகிறது.

நடந்தது இதுதான்.

முதலில் முதலாளியின் ஆள் தொட்டியைக் காட்டினான். பிறகு எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். என் தலை முழுக்க நரைத்திருப்பது படத்துக்கு நன்றாக இருக்கும் என்று சர்க்கரை என்னை முன்னால் நிறுத்தினான். சிட்டுவை நான் உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள்ளும் அது உன் நெற்றிதான். சிரித்தேன். அவள் பார்வை என் மேல் பட்டு, பட்ட இடத்திலிருந்து அப்படியே நழுவிப் போய்விட்டது. வேலை நேரம், மரியாதைக்காக அப்படி இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்கத் தோன்றியது.

அவர்களைக் கூட்டி வந்த அம்மா அன்பான முகம். நினைத்தால் ஊருக்குப் போக முடியுமா என்று கேட்டார். சர்க்கரை அதை எனக்குத் தமிழில் சொன்னான். நான் சொன்னேன்: "முடியாது. பாஸ்போர்ட்டை இவங்க வாங்கி வச்சிருக்காங்க. மூணு வருஷமாக் கேக்கறேன், தர மாட்டேங்கறாங்க."

சர்க்கரை திரும்பி அவர்களிடம், இந்த இடமே எனக்கு வீடு மாதிரி, வீட்டை விட்டு எங்கே போகச் சொல்கிறீர்கள் என்று பெரியவர் கேட்கிறார் என்றான். எல்லோரும் உருகிப்போய் ஒரு சத்தம் போட்டார்கள். எனக்கு அது முழுக்கப் புரிந்தது. இல்லை என்கிற வார்த்தை அவர்கள் பாஷையில் எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன். சர்க்கரை என் தோளில் கை போட்டு அழுத்தினான். பெரியவருக்குக் கூச்சம் என்றான்.

சிட்டு என் கை எட்டும் தூரத்தில் நின்றாள். எங்களுக்கு நடுவில் தலையணை உறை அடுக்கு, இடுப்பு உயரம். அவளை நேராகப் பார்த்துச் சொன்னேன்: "நான் சொன்னது அது இல்லம்மா."

உன் மகள் ஒரு உறையை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். பிறகு சர்க்கரையிடம், அவர்கள் பாஷையில், இதை எத்தனை தடவை துவைத்த பிறகு தூக்கிப் போடுவீர்கள் என்று கேட்டாள்.

அவ்வளவுதான். போன கடிதத்தில் இதை எழுதவில்லை, நீ பெருமையாக இருந்தாய் என்பதால். சர்க்கரை மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் அதற்குச் சம்பளம் வாங்குகிறான். முதலாளியைப் பார்த்ததுகூட இல்லை. என் கோபம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது. துவைக்கிற துணியில் அதைத் தேய்க்கிறேன், போகவில்லை.

அண்ணன்


மே 6

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் நலம்.

அம்மா என்னிடம் பேசிய விதத்தை எழுத முடியாது. அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் என் பக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். எங்களுக்கு ஒரு விதி உண்டு. போகிற இடத்தில் நாங்கள் பார்வையாளர்கள் மட்டுமே, பார்ப்பதையும் கேட்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், தலையிடக் கூடாது. தலையிட்டால் தொழிலாளிகளுக்கே ஆபத்து வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் பேசியிருந்தால் உங்கள் வேலை போயிருக்கலாம். உங்களைப் பாதுகாக்கவே அமைதியாக இருந்தேன் என்று இப்போது யோசிக்கும்போது தோன்றுகிறது. மேலும் அங்கே சத்தம் அதிகமாக இருந்தது. ஒரு அமைப்பே தவறாக இருக்கும்போது ஒரு தனி ஆள் ஒரு நிமிஷத்தில் எதையும் மாற்ற முடியாது என்பதையும் படித்திருக்கிறோம்.

ஏதாவது உதவி செய்ய விரும்புகிறேன். இங்கே தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது. இந்த நாட்டு மொழியில் மனு கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சொன்னால் நான் எழுதித் தருகிறேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சிட்டு


மே 17

சிட்டுவுக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி.

நீ எழுதிய ஒன்றரைப் பக்கத்தையும் படித்தேன். அழகான கையெழுத்து. ஏன் என்னைத் தெரியாத மாதிரி நின்றாய் என்று எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, அதற்கு அதில் பதில் இல்லை. சத்தம் அதிகம் என்கிறாய். அந்தச் சூப்பர்வைசர் சர்க்கரை சொன்னது மட்டும் உனக்கு எப்படிக் கேட்டது? தொழிலாளிக்கு ஆபத்து என்கிறாய். சரி, அன்றைக்குப் பேசவில்லை. மறுநாள்? அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை? வாசலில் வந்து, மாமா, பேச முடியவில்லை என்று சொல்லியிருந்தால் எந்த அமைப்பு உன்னைத் தடுத்திருக்கும்? என்னைப் பாதுகாத்தேன் என்று இன்னொரு தடவை எழுதாதே. அந்த வரியைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

நீ எனக்கு எழுதித் தர வேண்டாம். மனுவை நானே தமிழில் எழுதிவிட்டேன். எழுத ஒரு வாரம் ஆயிற்று. இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், அதையும் நானே எழுதினேன், அதனால்தான் பதில் தாமதம். இதை அவர்கள் மொழியில் மாற்றி அந்த அலுவலகத்தில் கொடு. ஒன்றும் சேர்க்காதே, ஒன்றும் விடாதே. கடைசியில் ஒரு வரி இருக்கிறது, பார்த்திருப்பாய். 'நான் இதைச் சொன்னபோது என் தங்கை மகள் கை எட்டும் தூரத்தில் நின்றாள், அவளுக்குத் தமிழ் தெரியும்.' அதுவும் போக வேண்டும். சர்க்கரை இல்லை என்று சாதித்தால், ஆமாம் என்று சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை. கூட வேலை செய்கிறவர்களை நான் இழுக்க மாட்டேன். அவர்கள் பாஸ்போர்ட்டும் அதே அலமாரியில் இருக்கிறது.

மாமா


ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌக்கியமா? முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே வெயில் அதிகமா, குளிரா? இருமல் ஏதும் இல்லையே? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? என் தோள்வலி இப்போது கழுத்துவரை ஏறியிருக்கிறது. மற்றபடி நலம்.

சிட்டு மனுவைக் கொடுத்துவிட்டாள். உங்களுக்கு நிச்சயம் நல்லது நடக்கும். ஒரு விஷயம் அண்ணா, கோபப்படாமல் கேளுங்கள். அந்தக் கடைசி வரியை விட்டுவிடச் சொன்னேன். நான்தான் சொன்னேன், அவள் இல்லை. அவளைக் கூட்டிப்போன அம்மா மேல்படிப்புக்குச் சிபாரிசு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். சொந்த மாமாவையே தெரியாத மாதிரி நின்றாள் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு எழுதுவார்கள்? சின்னப் பிள்ளை. ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டாள். அதற்காக வாழ்க்கை முழுக்கத் தண்டனையா? பாஸ்போர்ட் கிடைப்பதுதானே முக்கியம், அது அந்த வரி இல்லாமலே கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் பெரியவர். விட்டுக்கொடுங்கள்.

உங்கள் தங்கை


ஜூன் 27

தங்கச்சிக்கு,

உயிரோடு இருக்கிறேன், கோபத்தோடு இருக்கிறேன். உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அதைக் கிழிக்கப் போனேன். பிறகு, நானே முழுதாகப் படித்த கடிதமாயிற்றே என்று கிழிக்கவில்லை. வாசல்படி ஏற விட மாட்டேன் என்று எழுதினவள் நீதானா என்று பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கையெழுத்துதான்.

அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு பெண். பக்கத்தில் நம் பாஷை பேசுகிற ஒருவர், விசாரணைக்காக வைத்திருக்கிறார்கள். எதிரில் சர்க்கரையும் முதலாளியின் ஆளும். சிட்டு மாற்றிக் கொடுத்த மனுவை அந்த மனுஷர் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரி இல்லை. சர்க்கரை சிரித்தபடி, பெரியவர் அன்றைக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் பேசினார், வந்த மாணவர்கள் அத்தனை பேரும் சாட்சி என்றான். அவன் சொன்னது நிஜம்தான். அத்தனை பேரும் அவன் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு வரி குறைகிறது என்றேன். என் சட்டைப்பையில் மூலம் இருந்தது. அதிகாரி வாங்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை. நானே படிக்கிறேன் என்றேன். விரலை வைத்துக்கொண்டு படித்தேன். நான் படிக்கிற வேகம் உனக்குத் தெரியாது. சர்க்கரை இரண்டு தடவை இருமினான். அந்த அறையில் யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. தங்கை மகள் என்கிற இடத்தில் நின்றேன், மூச்சு வாங்கினேன். உன் கடிதம் ஞாபகம் வந்தது. இங்கேயே மடித்துவிடலாம், யாருக்கும் தெரியாது. படித்தேன். தமிழ் தெரியும் என்பது வரைக்கும் படித்தேன். உன்னிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

மறுநாள் சிட்டுவைக் கூப்பிட்டார்கள். அந்த அன்பான முகத்து அம்மாவும் கூட வந்தார். இவள் மாணவி, இதில் சம்பந்தமில்லை என்றார். அதிகாரி சிட்டுவிடம், இவர் உனக்கு என்ன உறவு என்று கேட்டார். அவள் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில், எனக்கு இவளைத் தெரியாது, வேறு யாரையோ நினைத்து எழுதிவிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. உன் பிள்ளை அல்லவா. சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்காக நான் ஒருமுறை பொய் சொன்னேன், ஏப்ரலில், உன்னிடம். மறுபடியும் சொல்ல என்னிடம் பொய் இல்லை.

"மாமா," என்றாள். "எங்க அம்மாவோட அண்ணன்."

பிறகு நான் அன்றைக்குச் சொன்னதைச் சொன்னாள். முதலில் தமிழில், அப்படியே, மூணு வருஷமா என்பது உட்பட. பிறகு அவர்கள் மொழியில். சத்தமில்லாமல் சொன்னாள், ஆனால் எல்லாம் சொன்னாள். மனுவில் அந்த வரியை விட்டது யார் என்று கேட்டதற்கு, நானாகத்தான் விட்டேன், யாரும் சொல்லவில்லை என்றாள். நீயோ நான்தான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பேரில் ஒருத்தி மற்றவளுக்காகப் பொய் சொல்கிறாள். இந்தக் குடும்பத்தில் ஒருவருக்காக ஒருவர் வாயைத் திறக்கத் தெரியும் என்று தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தலையணை உறை அடுக்குக்குப் பக்கத்தில் எனக்காகத்தான் திறக்கவில்லை.

அதிகாரி உத்தரவு போட்டார், முதலாளியின் ஆள் அன்றைக்கு மாலையே கம்பெனி அலமாரியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தான். என் பாஸ்போர்ட்டை மட்டும் எடுக்கப் போனான். அதிகாரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து முழுக்கக் கவிழ்த்தார். எல்லோருடையதும் இருந்தது. கூட வேலை செய்கிறவர்களையும் வரவழைத்து, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். சிலருக்குத் தங்கள் படத்தையே அடையாளம் தெரியவில்லை. எங்கள் அறையில் அன்றைக்கு ராத்திரி யாரும் சத்தம் போட்டுக் கொண்டாடவில்லை. அவரவர் பாஸ்போர்ட்டைத் தலையணைக்கடியில் வைத்தோம், பிறகு எடுத்துப் பனியனுக்குள் வைத்தோம்.

அதற்கு முன்னால், அலுவலக வாசலில் சிட்டு எனக்காகக் காத்திருந்தாள். கோபமா மாமா என்றாள். ஆமாம் என்றேன். எதனால் அன்றைக்கு அப்படிச் செய்தாய், இப்போதாவது சொல் என்றேன். வந்த முதல் நாள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, இந்த ஊரில் உங்களுக்கு யாராவது உண்டா என்று கேட்டார்களாம்.

"யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன் மாமா. சும்மா, வாயில வந்துச்சு. அப்புறம் அதை எப்படி மாத்துறதுன்னு தெரியல."

ஒன்றரைப் பக்கத்தில் இல்லாத பதில் இதுதான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அந்த அம்மா சிபாரிசு எழுதுவாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

டிக்கெட் ஜூலை இருபதாம் தேதி. நீ கேட்ட தேதி. பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு சின்ன அறை வாடகைக்குப் பார். படி ஏற முடியாது, கீழ்வீடாக இருக்கட்டும். தினமும் உன் வீட்டுக்கு வருவேன். சாப்பிடுவேன். உன்னோடும் அவளோடும் சண்டை போடுவேன், இவ்வளவு எழுதியும் பாதிகூடத் தீரவில்லை. தூங்க மட்டும் என் அறைக்குப் போய்விடுவேன். சாவி என்னிடம்தான் இருக்கும் என்று வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவை.

உன் அண்ணன்